ஒரு சாணும் நாலு விரலும்

நாற்பத்தோராவது பலகையில் இருந்தபோது மேலாளர் வந்து எதிரே நின்றார். முதலில் தெரிந்தது அவருடைய காலணிதான். மண்டியிட்டு வேலை செய்கிறவளுக்கு எல்லோரும் முதலில் காலணிதான்; முகம் அப்புறம் வரும், சிலருக்கு வருவதேயில்லை.

அது ஏரிக்கரை விடுதி. அறைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே பெரிய மரத்தளம் போட்டிருந்தார்கள், விருந்தினர்கள் வெறுங்காலோடு நடந்து போய் ஏரியைப் பார்ப்பதற்காக. மொத்தம் நூற்று எண்பத்தாறு பலகைகள். ஒரு நாளைக்கு முப்பத்தொன்று தேய்த்தால் ஆறு நாளில் முடியும். ஏழாம் நாள் ஓய்வு. எட்டாம் நாள் முதல் பலகையில் மறுபடியும் பாசி பச்சை காட்டும். பதினான்கு வருடமாக இதுதான் அவளுடைய வேலை. விடுதியில் எல்லோரும் அவளைப் பலகையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறை.

சென்ற மழைக்காலத்திலிருந்து முப்பத்தொன்று முடியவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்றிலேயே முழங்கால் மக்கர் செய்தது. பிரஷைப் பிடித்த மணிக்கட்டு ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. போன மாதம் ஒரு விருந்தினர் பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை, ஆனால் மேலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார், அடுத்த சீசனுக்குள் தளம் சரியாகாவிட்டால் வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்று. வேறு ஏற்பாடு என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

"அந்த மெஷின் விஷயம். பிரஷர் வாஷர்" என்றார் மேலாளர். "ஓனர் வாங்கலாம்னு சொல்லிட்டார். எது வாங்கறதுன்னு நீங்களே போய்ப் பாத்துச் சொல்லுங்க."

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். "நானா சார்?"

"நீங்கதான். மரத்தைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்? பாத்துட்டு ஒரு ஃபாரம் இருக்கு, அதுல கையெழுத்துப் போட்டுடுங்க."

கையெழுத்து எதற்கென்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். சென்ற வருடம் மேலாளர் தானே போய் ஒரு பெட்ரோல் இயந்திரம் வாங்கிவந்தார். கார், லாரி கழுவுகிற ரகம். தோட்டக்காரர் அதைப் பிடித்து அரை நாளில் பாதித் தளத்தைப் பளபளவென்று ஆக்கினார். மறுநாள் காய்ந்ததும் பலகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு குழந்தையின் காலில் மரச் சிம்பு ஏறி, ஓனர் மேலாளரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் உப்புத்தாளை வைத்துப் பலகை பலகையாக இழைத்தாள். இந்தத் தடவை ஏதாவது ஆனால் காய்ச்சுவதற்கு வேறொரு கையெழுத்து வேண்டும்.

அவளுக்கும் அது புரியாமலில்லை. ஆனால் அன்று முழுவதும் காதில் நின்றது 'மரத்தைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்' என்பது மட்டும்தான். பதினான்கு வருடத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. உச்சி குளிர்ந்துபோனது. மிச்சப் பலகைகளை எப்படி முடித்தாள் என்றே தெரியவில்லை.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு. வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தாள்.

"என்னை மெஷின் செலக்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க."

"என்ன மெஷின்? துணி துவைக்கிறதா?"

"இல்லடி, தளம் கழுவறது. நானே கடைக்குப் போய்..."

"அக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன். அப்புறம் பேசறேன்."

அப்புறம் என்பது எப்போதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, கிடங்கில் பாசி பிடித்து மிச்சம் கிடந்த பலகைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, தூசி தட்டிக் கோணிப்பையில் போட்டு வைத்தாள்.

கடை பெரியது. முன்பக்கம் புல்வெட்டும் இயந்திரங்கள், உள்ளே வரிசையாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரங்கள். விற்பனையாளர் ஐம்பதைத் தாண்டியவர். வருடக்கணக்காக மோட்டார் ஓட்டிக் காட்டியே காது மந்தமாகிவிட்டது. அதனால் தனக்குக் கேட்கிற அளவுக்கு ஊருக்கே கத்திப் பேசுவார்.

"சொல்லுங்க மேடம்! காருக்கா, சுவத்துக்கா?"

மேடம் என்றது தன்னைத்தானா என்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "மரத்துக்கு."

கோணிப்பையிலிருந்து பலகைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இருபத்தேழு வருஷமா விக்கறேன். பலகையோட வந்தது நீங்கதான்."

கடைக்குப் பின்புறம் பலகையை நிறுத்திவைத்து, முதலில் பெட்ரோல் இயந்திரத்தை முடுக்கினார். "இதைப் புடிச்சா சுவத்துப் பெயிண்டே உரிஞ்சு வந்துரும்!"

"எனக்கு உரிக்க வேணாங்க. கழுவ வேணும்."

பலகையில் ஒரு கோடு இழுத்தார். பாசி போய் புது மரம் போல் வெளுத்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு பழைய நைலான் துணியை உருவி, அந்தக் கோட்டின் மேல் வைத்து மெல்ல இழுத்தாள். மூன்று இடத்தில் துணி சிக்கியது.

"கையால தடவிப் பாக்கலாமே?"

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று உள்ளங்கையைக் காட்டினாள். காய்த்துப்போய் ரேகைகூட மங்கலாயிருந்தது. "போன வருஷம் இழைச்சப்ப, வழவழன்னு இருக்குன்னு நினைச்சு விட்ட இடத்துலல்லாம் சிம்பு இருந்துச்சு. நைலான் பொய் சொல்லாது."

அதற்கப்புறம் விற்பனையாளரின் பேச்சே மாறிவிட்டது. விற்பதை மறந்து, அவளோடு சேர்ந்து பலகையை ஆராய ஆரம்பித்தார். நடுத்தர இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தார்கள்; துணி ஓரிடத்தில் சிக்கியது. அப்புறம் மூலையிலிருந்த சின்ன மின்சார இயந்திரம். அழுத்தத்தைக் குறைக்க அதில் ஒரு திருகு இருந்தது. தண்ணீர் வரும் முனைகள் நிறம் நிறமாக ஐந்தாறு. சிவப்பு முனையில் தண்ணீர் கம்பியாகப் பாய்ந்து மரத்தைக் கீறியது. வெள்ளை முனையில் விசிறியாக விரிந்தது. அவள் வெள்ளையை மாட்டச் சொல்லி, தண்ணீர்த் துப்பாக்கியைத் தானே வாங்கிக்கொண்டாள். கிட்டே பிடித்தால் துணி சிக்கியது. எட்டப் பிடித்தால் பாசி போகவில்லை. முன்னும் பின்னுமாக நகர்த்தி, மரத்தின் ரேகை போகிற திசையிலேயே ஓட்டி, கடைசியில் ஒரு தூரத்தில் நின்றாள். பாசி போயிற்று. துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. முனைக்கும் பலகைக்கும் இடையில் கையை விரித்து வைத்து அளந்தாள்.

"ஒரு சாணும் நாலு விரலும்" என்றாள்.

"உக்காருங்க மேடம், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டார் விற்பனையாளர். எத்தனை வருடமாக இந்த வேலை, தனியாகவா செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். தனியாகத்தான் என்றாள். சொல்லிவிட்டு டீயைக் கொஞ்சம் மெதுவாகவே குடித்தாள்.

அடுத்த வாரம் ஓய்வு நாளில் மறுபடியும் போனாள். குழாய் எத்தனை நீளம் என்று கேட்க வேண்டுமாம்.

"போன்லயே கேட்டிருக்கலாமே மேடம்!"

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. குழாய் எட்டு மீட்டர். தளத்தின் கடைசி மூலைக்கு எட்டாது. இன்னொரு எட்டு மீட்டர் சேர்க்கலாம், இயந்திரத்தை மழையிலும் ஈரத்திலும் வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் உள்ளே தண்ணீர் தங்காமல் வடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் அவர் கத்திக் கத்திச் சொல்ல, அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பேச்சையெல்லாம் இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் யாராவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனையோ காலமாயிருந்தது.

விடுதிக்கு வந்தபோது மேலாளர் தோட்டக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். புதர் மறைவில் அவளை அவர்கள் கவனிக்கவில்லை.

"மெஷின் வந்தா நீதான் ஓட்டணும்."

"அக்காதானே சார் பாக்கறாங்க?"

"பாக்கறது வேற, ஓட்டறது வேற. அந்த அம்மாவால மெஷினெல்லாம் முடியாது. வயசு என்ன ஆச்சு?"

அதே ஆள் கையிலா? போன வருடம் பாதித் தளத்தை நாசம் பண்ணியவன் கையிலா? அப்படியானால் அவள் எதற்கு? தளத்தில் அவளுக்கு வேலை இல்லையென்றால் சலவைக்கூடத்துப் பின்னறை யாருக்கு? அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் விளக்குமாற்றுக் கழியில் ஒரு குச்சி அறுத்தாள். கட்டுவதற்கு விட்டது போக, ஒரு சாணும் நாலு விரலும். நுனியில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சின்ன இயந்திரத்தின் துப்பாக்கிக் குழலோடு அதைச் சேர்த்துக் கட்டிக் காட்டினாள். குச்சியின் துணி நுனி பலகையைத் தொட்டுக்கொண்டே போகும். தண்ணீர் முனை தன்னால் சரியான தூரத்தில் நிற்கும். குனிய வேண்டாம், மண்டியிட வேண்டாம், கண்ணால் அளக்க வேண்டாம்.

விற்பனையாளர் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். நைலான் துணி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. "இதைக் கம்பெனிக்காரன் யோசிக்கலையே மேடம்!" என்று கத்தினார். புல்வெட்டும் இயந்திரம் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், எங்க மேனேஜருக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. இந்த மெஷின் ஏன் நல்லதுன்னு."

"எழுதிட்டாப் போச்சு."

"யார் வேணாலும் ஓட்டலாம்னு எழுதுங்க."

"யார் வேணாலுமா?"

"ஆமா. பழக்கமே இல்லாதவங்க, வயசானவங்க, பொம்பளைங்க, யார் வேணாலும். பயிற்சியே வேணாம். ஒரே ஆளு, ஒரே நாளு."

அவர் பேனாவை நிறுத்தினார். "உங்களை மாதிரிப் பதமா எல்லாராலயும் புடிக்க முடியாதே மேடம்?"

"அதுக்குத்தான் குச்சி இருக்கே!"

ஒப்புக்கொண்டு எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினார். அவளுக்கு ரொம்பத் திருப்தி. இனிமேல் வயது, பொம்பளை என்று யாரும் வாய் திறக்க முடியாது.

மேலாளர் அந்தக் காகிதத்தை நின்றபடியே வாசித்தார். நடுவில் ஓர் இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை வாசித்தார். "ஒரே நாள்லயா?"

"ஒரே நாள் சார்."

"யார் வேணும்னாலும்?"

"சின்னக் குழந்தைகூட ஓட்டும் சார்" என்றாள் அவள், பூரிப்போடு.

மேலாளர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஃபாரத்தில் 'தேர்வு செய்தவர்' என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தபோது அது யாருடைய பெயரோ போலிருந்தது. அவளை அந்தப் பெயரால் கூப்பிட இங்கே ஆளில்லை.

இயந்திரம் வந்த முதல் நாளே காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். அவ்வளவு எளிதென்றால் நீங்களே ஓட்டுங்கள் என்று மேலாளரும் விட்டுவிட்டார். குச்சி பலகையைத் தடவிக்கொண்டே போக, விசிறித் தண்ணீர் பாசியை வாரிக்கொண்டு போயிற்று. நின்றபடியே நடந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து வேலை செய்தாள். ஏரியில் படகு போவதும், அக்கரையில் யாரோ துணி உலர்த்துவதும் தெரிந்தன. இவ்வளவு நாள் இதெல்லாம் இங்கேயா இருந்தன என்று தோன்றியது. நாலு மணிக்கு நூற்று எண்பத்தாறாவது பலகை முடிந்தது.

தளம் முழுக்க மினுமினுத்தது. காட்டுவதற்குத்தான் யாரும் இல்லை. விருந்தினர்கள் வெளியே போயிருந்தார்கள். தங்கைக்குப் போன் போட்டு, இயந்திரத்தை முடுக்கி, போனை அதன் பக்கம் நீட்டினாள்.

"கேக்குதா?"

"என்னக்கா சத்தம் அது, அங்க மழையா?"

"மழை இல்லடி, இதுதான் நான் சொன்னேன்ல..."

"ஒண்ணுமே கேக்கல. அப்புறம் பண்றேன்க்கா."

இயந்திரத்தை வைக்க இடமில்லை என்றார்கள். கிடங்கில் கூரை ஒழுகியது. ஈரம் ஆகாதென்று விற்பனையாளர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆகவே தன் அறைக்கே உருட்டிக்கொண்டு போய்க் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள். உள்ளே மிச்சமிருந்த தண்ணீரை வடித்து, குழாயைச் சுருட்டி மாட்டி, மேலே பழைய போர்வையைப் போர்த்தினாள். படுக்கும்போது இருட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. பயமாக இல்லை, கொஞ்சம் துணையாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்த நாட்கள் நன்றாக இருந்தன. வாரத்தில் ஒரு நாள் இயந்திரம். மற்ற நாட்களில் அவளாகவே வேலை தேடிக்கொண்டாள். எழும்பி நின்ற ஆணிகளைத் தட்டி இறக்கினாள், வெடித்த பலகைகளுக்கு எண்ணெய் பூசினாள். முழங்கால் வீக்கம் வடிந்தது. யாரும் வழுக்கவில்லை, யார் காலிலும் சிம்பு ஏறவில்லை.

ஐந்தாவது வாரம் மேலாளர் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே அவளுக்குத் திக்கென்றது.

"தளம் பிரமாதமா இருக்கு. ஓனரே சொன்னார்."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"வாரத்துல ஒரு நாள் வேலை. அதுக்கு எதுக்கு நிரந்தரமா ஒரு ஆள்னு கேக்கறார். நான் என்ன சொல்ல முடியும்?" கோப்பைத் திறந்து அந்தக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க குடுத்ததுதான். யார் வேணும்னாலும் ஓட்டலாம், பயிற்சி வேண்டாம், ஒரே ஆள், ஒரே நாள்."

விற்பனையாளரின் கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் அவர் அதை உரக்க வாசித்ததும், தான் சந்தோஷமாகத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அந்த ஒரு நாளைக்கு நானே வரேன் சார்."

"சுத்தம் பண்ற வேலை மொத்தத்தையும் ஒரு கம்பெனிக்குக் குடுத்தாச்சு. ஜன்னல், சலவை, தளம் எல்லாம் சேர்த்து. திங்கக்கிழமை அவங்க ஆள் வருவாரு. ஒரு மணி நேரம் கூட இருந்து காட்டிக் குடுத்துடுங்க, போதும்."

"மெஷின் என் ரூம்ல இருக்கு சார்."

"அது அங்கேயே இருக்கட்டும். நல்ல காஞ்ச இடம். நீங்க போகும்போது சாவியை மட்டும் குடுத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கலாமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. வீட்டில் இடமேயில்லை, பிள்ளைகள் கூடத்தில்தான் படுக்கிறார்கள் என்று தங்கை வேறு எதற்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நீல நிறச் சட்டையில் கம்பெனியின் பெயர். நல்லவனாகத்தான் தெரிந்தான். இயந்திரத்தை அவளுடைய அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வரும்போது கட்டிலில் இடிக்காமல் பார்த்து வந்தான்.

"இந்தக் குச்சி எதுக்குக்கா?"

"அதை எடுக்காம இரு. போதும்."

"அவ்வளவுதானா?"

இன்னும் எவ்வளவோ இருந்தன. எந்தப் பலகை எப்போது வெடித்தது, எதன் ஆணி மழைக்கு எழும்பும், எந்த மூலையில் பாசி முதலில் பிடிக்கும். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "ரேகை போற பக்கமே போ" என்று மட்டும் சொன்னாள். அவன் முடுக்கினான். குச்சி பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

அறைக்குப் போய் இரண்டு பைகளையும் எடுத்தாள். கால்மாட்டில் இயந்திரம் நின்ற இடத்தில் சக்கரத் தடம் இரண்டு கோடாகத் தெரிந்தது. பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தபோது தளத்தில் பாதி முடிந்திருந்தது. வெளிவாசல் தளத்தின் அந்தக் கோடியைத் தாண்டி. படியருகே மஞ்சள் அறிவிப்புப் பலகை நின்றது: ஈரம், நடக்காதீர்கள். இத்தனை வருடம் அவள் எடுத்து வைத்த அதே பலகை.

பையைக் கீழே வைத்து, இடுப்பிலிருந்து நைலான் துணியை எடுத்துக் குனிந்து, கைக்கெட்டிய பலகையின் மேல் வைத்து இழுத்தாள். எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையசைத்தான். "அக்கா, ஈரமா இருக்கு! வழுக்கிரும். சுத்திப் போயிடுங்க!"

அவள் துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விடுதியைச் சுற்றிப் போகும் சரளைக்கல் பாதையில் இறங்கினாள். வழி கொஞ்சம் நீளம், கல் காலில் குத்தியது. பதினான்கு வருடத்தில் அந்தப் பாதையில் அவள் நடந்ததேயில்லை. மற்றவர்களை அனுப்பித்தான் பழக்கம்.